அண்மையில் பார்த்த படங்கள்: தியேட்டரோ வீடோ, மனதில் பட்டதைச் சொல்லுங்கோ

காலிவீதி (சனி, இரவு 10.12)

வசூல் சண்டை முத்தினதால பழைய இழையைப் பூட்டிப்போட்டினம். அதுதான் புதுசா ஒண்டு திறக்கிறன். எந்தப் படம் எத்தனை கோடி எண்ட கதை இங்க வேண்டாம். பார்த்தது என்ன, பிடிச்சதோ இல்லையோ, ஏன், அவ்வளவும் போதும்.

நானே தொடங்குறன். இந்தக் கிழமை வீட்டில அம்மாவோட இருந்து 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைத் திரும்பப் பார்த்தன். 2025 மே 1, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில வந்த படம். அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். பொருளாதார நெருக்கடியால இங்க இலங்கையில வாழ ஏலாமல் சசிகுமார், சிம்ரன், ரெண்டு பெடியங்கள் வள்ளமேறி ராமேஸ்வரத்தில இறங்கி, சென்னையில ஒரு குடியிருப்பில ஒளிச்சு வாழுற கதை. இது கற்பனை மட்டும் இல்லை. 2022 மார்ச்சில உண்மையாகவே ஆக்கள் குழந்தை குட்டியோட அப்படிப் போய் இறங்கினவை. நாங்கள் இங்க சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில நிண்ட காலம் அது.

படம் வந்த நேரம் எங்கட வட்சப் குழுக்களில ஒரே பேச்சு, சசிகுமாரின்ர ஈழத்துப் பேச்சு சரியில்லை எண்டு. சில இடத்தில வழுக்குது, உண்மைதான். ஆனா எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒண்டு கண்ணில பட்டது. யோகிபாபு அவையளுக்குச் சொல்லுறது, அக்கம்பக்கத்தோட கதைக்காதேங்கோ, வாயைத் திறந்தா ஊர் தெரிஞ்சிடும் எண்டு. ஆனா சசிகுமாரால சும்மா இருக்க முடியேல்லை. பக்கத்து வீட்டில ஒரு மனுசி செத்தா ஓடிப்போய் நிக்கிறார். குடிச்சு வெறிச்சுத் திரியிற பெடியனோட இருந்து கதைக்கிறார். ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்க்காமல் இருந்த தெரு மாறுது. தமிழ்நாட்டுப் படங்களில நாங்கள் வழக்கமா வாறது எப்படி? ஒண்டில் துவக்கோட, இல்லாட்டி கண்ணீரோட. யாரோ வந்து எங்களைக் காப்பாத்துவினம். இதில எங்கட ஆள் மற்றவைக்குக் குடுக்கிற ஆளா நிக்கிறார். அதுக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிச்சது.

குறை எண்டா, விட்டுட்டுப் போன நாடு படத்தில இல்லவே இல்லை எண்ட மாதிரித்தான். ஏன் போகினம் எண்டது ஓரிரு வசனத்தில முடிஞ்சிடுது.

அடுத்தது 'பாரடைஸ்'. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே இயக்கின மலையாளப் படம், 2023இல தென்கொரியாவின்ர பூசான் திரைப்பட விழாவில கிம் ஜிசோக் விருது எடுத்தது. அதைப் பற்றிக் கதைக்க இங்க ஆள் இருக்கினம் எண்டு தெரியும், நான் பிறகு வாறன்.

உங்கட பட்டியலைப் போடுங்கோ.


இரவுக்காட்சி (சனி, இரவு 10.40)

'கூலி' முதல் நாளே பார்த்தேன். ரஜினி வாற காட்சியில சத்தத்தில வசனமே கேட்கேல்லை, அதுக்குத்தான் போனது, சந்தோஷம். இடைவேளைக்குப் பிறகு கதை நாலு பக்கமும் இழுபட்டது.

'பைசன்' வேற மாதிரி. மாரி செல்வராஜ் படம் எண்டாலே தயாராகித்தான் போவேன். கபடிப் போட்டிகளில கமரா ஆட்களின்ர காலடியிலேயே நிக்குது, மண் முகத்தில அடிக்கிற மாதிரி. துருவ் உழைச்சிருக்கிறார். தியேட்டரில பார்க்க வேண்டிய படம், போனில பார்த்துப்போட்டு இங்க வந்து மெதுவா போகுது எண்டு எழுதாதேங்கோ.


தெஹிவளை அக்கா (ஞாயிறு, காலை 7.05)

தம்பி காலிவீதி, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தச் செத்தவீட்டுக் காட்சியில எங்கட வீட்டில ஒருத்தரும் கதைக்கேல்லை.

நான் சொல்ல வந்தது '3 பிஎச்கே'. சரத்குமார், தேவயானி, சித்தார்த். ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்த வீடு வாங்க ஆசைப்பட்டு வருசக்கணக்காக் காசு சேர்க்கும். சேர்ந்து வரேக்க ஒரு செலவு வரும். படிப்பு, வருத்தம், கலியாணம். திரும்பத் தொடக்கத்தில நிப்பினம். இங்க பிளட் வீட்டுக்குச் சீட்டுக் கட்டி, நகை வச்சு, வெளிநாட்டில இருக்கிற தம்பியிட்டக் கேட்டு, அதுக்குள்ள விலை இன்னும் ஏறி நிக்கிற எங்கட கதைதான் அது. கடற்கரைப் பக்கம் கட்டிக்கொண்டு போற மாடிகளை ரயிலில இருந்து பார்க்கேக்க யார் இதை வாங்கினம் எண்டு நினைப்பன். அந்தத் தகப்பன் கணக்குக் கொப்பியில எழுதி எழுதி வெட்டுறதைப் பார்க்க எங்கட அப்பாவைக் கண்ட மாதிரி இருந்தது.

மகனை மட்டும் நம்பி எல்லாத்தையும் கட்டி எழுப்புறது எனக்குப் பிடிக்கேல்லை. அந்தத் தங்கச்சி விட்டுக்குடுத்தது படத்தில இன்னும் பெரிசா வந்திருக்க வேணும்.


மலைக்காற்று (ஞாயிறு, காலை 9.31)

'பாரடைஸ்' பத்திச் சொல்றேன். நான் மலையகத்துல ஹட்டன் பக்கம், இப்ப வேலை கொழும்புப் புறக்கோட்டையில.

2022 நெருக்கடி நேரம் ஒரு மலையாளத் தம்பதி ராமாயணச் சுற்றுலா வர்றாங்க. ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன். கூட்டிட்டுப் போற வழிகாட்டி ஷியாம் பெர்ணான்டோ. தங்கின இடத்துல லெப்டொப், போன் களவு போகுது. புருஷன் விடாம பொலிசை நெருக்குறான், பொலிசுக்கு யாரையாவது காட்டணும். யாரைக் காட்டுவாங்க? தோட்டத்துத் தமிழ் ஆள்கள் மூணு பேரை.

அந்த அடையாள அணிவகுப்பு சீன் என் நெஞ்சை அடைச்சிருச்சுங்க. அந்தப் பொண்ணுக்குச் சந்தேகம், புருஷனுக்கு அவசரம். அவனுக்கு வேலை போய்ருமோங்கிற பயம், பொருள் திரும்ப வரணும். அவனைக் கெட்டவனாக் காட்டல. அதுதான் படத்தோட பலம். நாட்டுல பெட்ரோல் இல்ல, மருந்து இல்ல, சனங்க தெருவுல நிக்குது, இவங்க சீதை இருந்த இடம் பார்க்க வந்திருக்காங்க. நான் சின்னதுல சீத்தா எலிய கோயில் பக்கம் போறப்பல்லாம் இந்தியாவுல இருந்து வர்ற பஸ்ஸைப் பாத்திருக்கேன். கோயிலைப் பாத்துட்டு, படம் எடுத்துட்டு, திரும்பிப் போயிருவாங்க. மேல கொழுந்து எடுக்கிற மனுஷங்க அவங்க பின்னாடி தெரியிற பச்சையில ஒரு புள்ளி. விதானகே அந்தப் புள்ளியை முன்னாடி கொண்டாந்து நிறுத்துறாரு. ராஜீவ் ரவி மலையை அழகா எடுத்திருக்காரு, ஆனா அழகு போகப் போகப் பயமா மாறுது.

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. அந்த மூணு பேருக்கும் ஒரு வாழ்க்கை இருக்குமே, பொண்டாட்டி பிள்ளை இருக்குமே, அது நமக்கு வரல. அவங்க அடி வாங்குறதுக்கும் அதைப் பாத்து அந்தப் பொண்ணு மாறுறதுக்கும்தான் படத்துல இருக்காங்க. நாங்க இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம்னு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்குச் சனங்க நடந்தே போனாங்க. அந்த நடையில ஒரு கிழவியை மட்டும் பின்தொடர்ந்து போனாலே ஒரு படம் இருக்கு. யாரு எடுக்கப் போறா?


காலிவீதி (ஞாயிறு, காலை 10.02)

மலைக்காற்று, நீங்கள் சொன்னதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் யோசிச்சன். நான் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில எதைக் கொண்டாடினனோ அதே அளவுகோலை 'பாரடைஸ்'க்கு வச்சா நீங்கள் சொல்லுற இடத்துக்குத்தான் வரவேணும். ஆனா ஒண்டு. அந்தப் படம் வெளியில இருந்து வந்து எங்களைப் பார்க்கிற கண்ணைப் பற்றித்தான் பேசுது. சுற்றுலா வந்தவன்ர கண்ணுக்கு அந்த மூண்டு பேரும் முகமில்லாத ஆக்கள். படமும் வேணுமெண்டுதான் அந்தக் கண்ணோடயே நிக்குது எண்டு நான் எடுத்துக்கொண்டன்.


மலைக்காற்று (ஞாயிறு, காலை 10.20)

புரியுதுங்க. இருந்தாலும் முகம் இல்லாம இருக்கிறது எங்களுக்குப் புதுசில்ல. படத்துலயாவது கிடைச்சா நல்லா இருக்கும்.


பனையோலை (ஞாயிறு, பின்னேரம் 4.15)

பிள்ளையள், யார் எடுக்கப் போறா எண்டு கேட்டிருக்கிறியள். எடுத்தவை இருந்தவை. 1975இல வந்த 'புதிய காற்று' மலையகக் கதைதான். வி. பி. கணேசன் தயாரிச்சு நடிச்சவர், கதை தெளிவத்தை ஜோசப். மலைக்காற்று தம்பி கட்டாயம் தேடிப் பார்க்க வேணும்.

இந்த நாட்டுச் சினிமாவில தமிழ் ஆக்களின்ர கை முதல் நாளிலேயே இருந்தது. முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுணு பொறொந்துவ' 1947இல வந்தது, தயாரிச்சவர் எஸ். எம். நாயகம், படம் பிடிச்சது மதுரையில. பிறகு இங்கயே தமிழில 'தோட்டக்காரி', 'குத்துவிளக்கு', செங்கை ஆழியான்ர நாவலை வச்சு 'வாடைக்காற்று'. தர்மசேன பத்திராஜ எண்ட சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில படிப்பிச்சுக்கொண்டிருந்த காலத்தில 'பொன்மணி' எண்டு ஒரு தமிழ்ப் படம் செய்தவர், 1977. காவலூர் ராஜதுரை எழுதினது. அந்தக் காலத்தில அது ஓடேல்லை. சனம் எம்ஜிஆர், சிவாஜி படத்துக்குத்தான் வரிசை. சண்டையில்லாமல் யாழ்ப்பாணத்து ஒழுங்கையை, சீதனத்தை, சாதியைக் காட்டினா ஆர் வருவினம்? இண்டைக்கு அந்தப் படத்தைப் பார்த்தா அந்த வீடுகள், வேலியள், பெண்டுகள் நடக்கிற நடை, எல்லாம் போன காலம் அப்படியே கிடக்கு.

பிறகு 1983. தமிழருக்கு எதிரான அந்த ஜூலைக் கலவரத்தில தயாரிப்பாளர் குணரத்தினத்தின்ர விஜயா ஸ்டூடியோவை ஹெந்தளையில எரிச்சவை. அங்க இருந்த படச் சுருள்கள் எரிஞ்சது. அதில பெரும்பாலும் சிங்களப் படங்கள்தான், தமிழரின்ர சொத்து எண்டு நினைச்சுத் தங்கட கலையையே எரிச்சவை. கே. வெங்கட் எண்ட இயக்குநர், சிங்களப் படங்கள் எடுத்த மனுசன், அந்த நாளில கொல்லப்பட்டார். இந்தக் கொழும்பு நகரத்தில இருந்து தமிழ்ப் படம் ஏன் வரேல்லை எண்டு ஆராவது கேட்டா, கலைஞர் இல்லாததால எண்டு சொல்லாதேங்கோ. இருந்த ஆக்களும் இருந்த இடமும் அழிஞ்சது.

சசிகுமாரின்ர பேச்சைப் பற்றி: 2000இல 'தெனாலி'யில கமல் கதைச்சதுக்கு நாங்கள் எவ்வளவு பூரிச்சம்! எங்கட வானொலி அறிவிப்பாளர் அப்துல் ஹமீத் அவர்கள்தான் பழக்கினவர். இண்டைக்குப் பார்த்தா அந்தப் பாத்திரம் முழுக்கப் பயத்தையும் பகிடியையும் வச்சுத்தான் ஓடுது. பேச்சுத் திருத்தமா இருந்தும் ஆள் எங்கட ஆள் இல்லை. 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில மாறி நடந்திருக்கு. காலிவீதி சொன்னதோட நான் ஒத்துப்போறன்.


நீலக்கடல் (ஞாயிறு, இரவு 8.48)

நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போறன், கோவிக்க வேண்டாம். கிழமை முழுக்க ஒபிஸ், பஸ்ஸில நெரிசல், வீட்டுக்கு வந்தா பிள்ளைக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்க்க உட்கார்ந்தா எனக்கு அடி, பொலிஸ், இடப்பெயர்வு வேண்டாம். நாங்கள் பார்த்தது போதும். என்ர சின்ன வயதில பங்கருக்குள்ள இருந்தனாங்கள், அதைத் திரும்பப் படத்தில பார்க்க எனக்கு விருப்பமில்லை. 'டிராகன்' பார்த்தன், சிரிச்சன், பிள்ளையும் சிரிச்சுது. அது குறைஞ்ச ரசனை எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லக்கூடாது.


காலிவீதி (ஞாயிறு, இரவு 9.10)

நீலக்கடல், இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டினம். எதை மனம் தாங்கும் எண்டு அவரவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் 'மெய்யழகன்' பார்த்தாச்சோ? இல்லாட்டி அடுத்த ஞாயிறு அதைப் போடுங்கோ. அரவிந்த்சாமி கனகாலத்துக்குப் பிறகு ஒரு கலியாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் நீடாமங்கலத்துக்குப் போவார். அங்க கார்த்தி ஓடி ஓடிக் கவனிப்பார். ஆர் இந்தப் பெடியன், என்ன உறவு எண்டு அவருக்கு ஞாபகமே வராது, கேட்கவும் வெட்கம். ஒரு இரவு முழுக்கக் கதைச்சே போகுது படம். வீட்டை விட்டுட்டு வந்த வலி அதிலயும் இருக்கு, ஆனா அடி உதை இல்லை. எனக்கு அதில பிடிச்ச இடம், வீட்டை இழந்த கதையைச் சொல்லுற படம் சைக்கிள் ஒண்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுறது. கோபமே இல்லாமல் நன்றியைப் பற்றி மட்டும் ஒரு படம் எடுக்கலாம் எண்டு நான் நினைச்சதில்லை.


நீலக்கடல் (ஞாயிறு, இரவு 9.22)

சரி, பார்த்திட்டுச் சொல்லுறன். நன்றி.


மருதானை நானா (திங்கள், காலை 6.50)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். பனையோலை ஐயா எழுதினத வாசிச்சுட்டுத்தான் நானும் எழுதுற.

நம்மட ஆக்கள் இங்கத்தப் படம் பார்க்கிறல்ல. தமிழ்ப் படம் எண்டா இந்தியா, இங்கத்தப் படம் எண்டா அது சிங்கள ஆக்களுக்கு. இதுதான் கணக்கு. நான் சிங்களத்துல படிச்சவன் இல்ல, ஆனா மருதானைல கடையில நிண்டா பாஷை தானா வரும். அதால சின்ன வயசுலயே சிங்களப் படமும் பாத்த. விதானகேயப் பத்திக் கதைக்கிறீங்க, அவர்ட 'புரஹந்த களுவர' பாத்தீங்களா? ஜோ அபேவிக்ரம. கண் தெரியாத ஒரு கிழவன், மகன் ஆமில (ராணுவத்துல). ஒரு நாள் சீல் வெச்ச பெட்டி வீட்டுக்கு வருது. ஊரே அழுவுது, கிழவன் மட்டும் நம்ப மாட்டார். நஷ்டஈட்டுக் கடுதாசில கையெழுத்துப் போட மாட்டார். கடைசில பெட்டியத் தோண்டி எடுக்கிறாங்க. உள்ள வாழைத்தண்டும் கல்லும். யுத்தம் நடக்கிற காலத்துல எடுத்த படம். அரசாங்கம் 2000த்துல திரையிடாம நிப்பாட்டி, கோர்ட்டுக்குப் போய், உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வெளிய வந்த. எங்கட ஆள் மய்யித்துக்கு அழுதா என்ன, அவங்கட ஆள் மய்யித்துக்கு அழுதா என்ன, அந்தக் கிழவன்ட கை பெட்டியத் தடவுறத பாத்தா நீங்க யாருன்றதே மறந்து போகும்.

இன்னொண்டு, '800'. கிரிக்கெட் வீரர் முரளிதரன்ட கதை. விஜய் சேதுபதி விலகினதுக்குப் பொறகு மதுர் மிட்டல் நடிச்ச. சண்டையெல்லாம் வெளிய நடந்த, படத்த பாத்தவங்க கொஞ்சம். கண்டில சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள நடந்த கலவரமும் படத்துல வருது. 1995 மெல்பர்ன்ல நோ-போல் சொல்ற கட்டம் நல்லா வந்திருக்குது. மத்ததெல்லாம் ஸ்கோர் போர்ட வாசிக்கிற மாதிரிப் போகுது. அவர்ட மனசுக்குள்ள போகல.


காலிவீதி (திங்கள், இரவு 9.30)

நானா, நீங்கள் தொட்ட இடம்தான் நான் இந்த இழையைத் திறந்ததுக்கே காரணம்.

'ராணி' பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். அசோக ஹந்தகம இயக்கின சிங்களப் படம், 2025 ஜனவரி கடைசியில வந்தது. ஸ்வர்ணா மல்லவாராச்சி நடிச்சது டொக்டர் மனோராணி சரவணமுத்துவா. கொழும்புத் தமிழ்ப் பெண். அவவின்ர மகன் ரிச்சர்ட் டி சொய்சா, பத்திரிகையாளர், நாடகக்காரர். 1990 பெப்ரவரியில ராஜகிரிய வீட்டில இருந்து இரவில கூட்டிக்கொண்டு போய், அடுத்த நாள் உடல் மொரட்டுவக் கடற்கரையில. அதுக்குப் பிறகு அவ காணாமல் போனவையின்ர தாய்மாரோட ரோட்டில இறங்கினா. தெற்கில சிங்களத் தாய்மார் ஆயிரக்கணக்கில, அவைக்கு முன்னால ஒரு தமிழ் டொக்டர். இதைவிடக் கொழும்புத் தமிழரின்ர கதை என்ன இருக்கு?

அம்மாவுக்குச் சிங்களம் கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான். கீழ இங்கிலீசில வசனம் வந்தது, அது ஓடுற வேகத்துக்கு அவவால வாசிக்க முடியேல்லை. நான் காதுக்குள்ள சொல்லிக்கொண்டே இருந்தன். பின்வரிசையில இருந்த ஒருத்தர் அமைதியா இருங்கோ எண்டு சொன்னார், அவர் சொன்னதில பிழையில்லை. அதுக்குப் பிறகு அம்மா திரையில ஸ்வர்ணாவின்ர முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு தாய் பிணவறையில மகனை அடையாளம் காட்டுறதை விளங்க பாஷை தேவையில்லைத்தான். ஆனா அந்தத் தாய் பிறகு என்ன வாதாடினா, ஆரோட வாதாடினா, ஏன் பயப்பிடேல்லை, அதெல்லாம் வசனத்தில இருக்கு. அதை அம்மா தவறவிட்டா.

மனோராணியைக் காட்டின விதத்தில கருத்து வேறுபாடு இருக்கு, பேப்பர்களில எழுதினவை. எனக்கும் சில இடம் மிகையாப் பட்டது. ஆனா அதைச் சண்டை பிடிக்கவாவது நாங்கள் பார்த்திருக்க வேணும். என்ர தமிழ்ச் சிநேகிதர் ஆருமே பார்க்கேல்லை.

இதே ஹந்தகம 2012இல 'இனி அவன்' எடுத்தவர். முழுக்கத் தமிழ்ப் படம், யாழ்ப்பாணத்தில வச்சு எடுத்தது. புனர்வாழ்வு முடிஞ்சு ஊருக்குத் திரும்பிற முன்னாள் போராளி. ஊர் அவனை வரவேற்கேல்லை. என்ர பிள்ளையைக் கொண்டுபோனாய், நீ மட்டும் உயிரோட வந்திருக்கிறாய் எண்டு பார்க்கிற பார்வை. தர்ஷன் தர்மராஜ் அதில நடிச்சது என்ர கண்ணுக்குள்ள இருக்கு. அந்த ஆள் அதிகம் கதைக்க மாட்டார், சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறதிலேயே எல்லாம் தெரியும். சிங்களப் படங்களிலும் நாடகங்களிலும் அவ்வளவு பேர் எடுத்த தமிழ் நடிகன், 2022இல இளவயதில போயிட்டார். எங்கட பக்கத்தில எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

தமிழ்ப் படத்துக்கு இங்க இங்கிலீசில வசனம் ஓடுது. சிங்களப் படத்துக்குத் தமிழில ஓடினா என்ன குறைஞ்சிடும்? நான் கேட்கிறது அதுதான்.


மருதானை நானா (திங்கள், இரவு 10.15)

தம்பி, நீங்க செல்றது சரி, ஆனா முழுக்க சரியில்ல. உங்கட உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வேணும், விளங்குது. இப்பத்தப் பொடியன்மாருக்கு என்ன? ஸ்கூல்ல சிங்களம் படிக்கிறாங்க, ஒபிஸ்ல சிங்களத்துல கதைக்கிறாங்க. கொரியன் நாடகத்த எழுத்து வாசிச்சு விடிய விடியப் பாக்கிறாங்க. சிங்களப் படம் எண்டா மட்டும் பாஷ தெரியாம போகுது. எழுத்து போட்டாலும் மனசு வேணும்.


தெஹிவளை அக்கா (செவ்வாய், காலை 7.20)

நானா சொல்லுறது என்ர மகளுக்கு அப்படியே பொருந்தும். ஆனா அவளைக் குறை சொல்ல முடியேல்லை. சிங்களப் படத்தில தமிழ் ஆள் எண்டா ஒரு காலம் சவரம் செய்யாத முகத்தோட வெடிகுண்டு வைக்கிறவன், இல்லாட்டிக் கொச்சைச் சிங்களம் கதைச்சுச் சிரிக்க வைக்கிற முதலாளி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கட ஆக்கள் அந்தப் பக்கமே போகாமல் விட்டவை. விதானகே, ஹந்தகம மாதிரி ஆக்கள் அதை மாத்தினது எங்களுக்கு வந்து சேரேல்லை. வந்து சேர ஒரு வழி வேணும், அந்த வழியில தமிழ் எழுத்தும் ஒண்டு.


பனையோலை (செவ்வாய், காலை 8.02)

மறுபக்கத்தையும் சொல்லுங்கோ. விதானகேயின்ர 'ஒப நதுவ ஒப எக்க' எண்ட படம், தமிழ்ப் பெண்ணுக்கும் ஆமியில இருந்து விலகி ஈடு பிடிக்கிற சிங்கள ஆளுக்கும் இடையில நடக்கிற கதை, தஸ்தயேவ்ஸ்கியின்ர கதை ஒண்டைத் தழுவினது. அவன் ஓயாமல் டிவியில மல்யுத்தம் பார்ப்பான், அவளுக்கு அவன் ஆர் எண்டே தெரியாது. 2014இல சென்னையில அதைத் தியேட்டரில போட விடேல்லை, எதிர்ப்பு. படத்தைப் பார்க்காமலே. ஆமிக்காரன் செய்ததை அவன்ர வாயாலயே சொல்லவைக்கிற படம் அது. எங்களுக்காகப் பேசுறம் எண்டு சொல்லி எங்களுக்குப் பக்கத்தில நிண்ட படத்தை நிப்பாட்டினவை. எனக்கு இண்டைக்கும் அந்தக் கவலை இருக்கு.


வரிப்பிள்ளை (செவ்வாய், மதியம் 1.35)

நான் இங்க வாசிக்கிறது மட்டும்தான், எழுதுறது இல்லை. ஆனா திரையில வசனம் போடுற வேலை செய்யிறவன் எண்டதால காலிவீதி கேட்டதுக்குப் பதில் சொல்லலாம் எண்டு வந்தன்.

தமிழில போடுறது கஷ்டம்தான், ஆனா முடியாத கஷ்டம் இல்லை. ஒரு தரத்தில ரெண்டு வரிக்கு மேல போடக்கூடாது. ஏழு செக்கனுக்கு மேல திரையில நிக்கவும் விடக்கூடாது. தமிழ்ச் சொல் நீளம். இங்கிலீசில மூண்டு சொல்லில முடியிறது தமிழில ரெண்டாவது வரிக்குப் போயிடும். அதால இங்கிலீசை வச்சுத் தமிழாக்கினா வரிகள் வழியும், வாசிக்கிறவை களைச்சுப்போவினம். சிங்களத்தில இருந்து நேரா எழுத வேணும். வசன அமைப்பு கிட்டக்கிட்ட ஒண்டுதான், வினை ரெண்டிலும் கடைசியில வரும், அதால நடிகரின்ர மூச்சு எங்க நிக்குதோ அங்கயே தமிழ் வரியும் நிக்கும். இங்கிலீசுக்கு அது ஒருநாளும் சரிவராது. ஹந்தகமவின்ர நடிகர்கள் வசனத்துக்கு நடுவில நிறுத்துவினம், அந்த நிறுத்தத்தில எழுத்து முந்திக்கொண்டு முடிவைச் சொன்னா காட்சி செத்துப்போகும்.

செலவு எண்டு பார்த்தா, முழுப் படத்தையும் தியேட்டருக்குத் திரும்பச் செய்து அனுப்பத் தேவையில்லை. டிஜிட்டல் படப்பொதிக்கு எழுத்தை மட்டும் தனிக் கோப்பாச் சேர்க்கலாம். ஒரு சிக்கல் இருக்கு. சில தியேட்டர் மெஷின்கள் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல் கொம்பை ஒரு பக்கம் காலை ஒரு பக்கம் போட்டுவிடும். 'கொ' எண்டு வரவேண்டிய இடத்தில மூண்டு துண்டு சிதறி நிக்கும். அதுக்கு ஒவ்வொரு வரியையும் சின்னப் படமாவே மாத்திக் குடுத்திடலாம், அப்ப எந்த மெஷினிலயும் சரியா வரும். வேலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

கேட்கிற ஆள் இல்லாததாலதான் ஒருத்தரும் செய்யிறதில்லை. வேலை தாற ஆக்கள் எல்லாம் இங்கிலீசுக்குத்தான் கேட்கினம், விழாக்களுக்கு அனுப்ப வேணும் எண்டு.


காலிவீதி (செவ்வாய், மதியம் 1.58)

வரிப்பிள்ளை, இதைத்தான் தேடினனான். ஒரு படத்துக்கு எவ்வளவு நாள் எடுக்கும்?


வரிப்பிள்ளை (செவ்வாய், பின்னேரம் 2.20)

வசனம் கூடின படம் எண்டா ஒராளுக்கு ரெண்டு கிழமை, சரிபார்க்க இன்னொராள் வேணும். சரிபார்க்கிற ஆள் சிங்களம் தெரியாத ஆளா இருந்தா நல்லம், அவைக்கு விளங்கினாத்தான் வரி சரி.


இரவுக்காட்சி (செவ்வாய், இரவு 7.44)

எனக்குச் சிங்களம் அரைகுறை. சரிபார்க்க நான் வாறன்.


மலைக்காற்று (செவ்வாய், இரவு 8.10)

நானும் இருக்கேன். ஆனா ஒரு சொல்: தோட்டத்து ஆள் பேசுறதுக்கு யாழ்ப்பாணத் தமிழ் போட்டுறாதீங்க. அந்த இடம் வந்தா என்கிட்ட குடுங்க, நான் எழுதுறேன்.


மருதானை நானா (செவ்வாய், இரவு 8.33)

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சிங்களப் படம் விநியோகிக்கிற ஆக்களோட வேல செய்யிறார். அவர்ட கேட்டுப் பாக்கிறன், புதுப் படம் ஒண்டுக்கு எழுத்து நாங்க சும்மா செஞ்சு தாறம், வெள்ளவத்தப் பக்கம் ஒரு ஷோ தமிழ் எழுத்தோட போடுங்க எண்டு. டிக்கட் வித்துத் தாறது எங்கட பொறுப்பு எண்டு சென்னாத்தான் காது குடுப்பாங்க. அதால இப்பவே கேக்கிறன், வாறவங்க பேரச் செல்லுங்க.


தெஹிவளை அக்கா (செவ்வாய், இரவு 8.41)

எங்கட வீட்டில நாலு பேர். மகளையும் இழுத்துக்கொண்டு வருவன். பின்னேரக் காட்சியாப் போடச் சொல்லுங்கோ நானா, இரவுக் காட்சி எண்டா வயசானவைக்குத் திரும்பிப் போறது கரைச்சல்.


நீலக்கடல் (செவ்வாய், இரவு 9.05)

'மெய்யழகன்' பார்த்து முடிச்சிட்டன். அதைப் பற்றி நாளைக்கு விரிவா எழுதுறன், இப்ப கதைக்க ஏலாது.

அடி உதை இல்லாத சிங்களப் படமா இருந்தா எங்களுக்கும் மூண்டு டிக்கட்.